மூணு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம்

மாசி, புதன் இரவு

நேற்றும் காட்டுப்பன்றிகள் இறங்கி, எங்கள் குத்தகைக் கொல்லையில் பாதிக் கடலையைக் கிளறிப் போட்டுவிட்டன. காலையில் வனத்துறை வாச்சர் வந்து பார்த்தார். நைனா ஒன்றுதான் கேட்டார்: "சுடுவீங்களா, மாட்டீங்களா?"

"சட்டம் டெல்லியோடது பெரியவரே. சென்னையில சுடலாம்னு ஆர்டர் போட்டுக்கிறாங்க. ஆனா காட்டுலேர்ந்து மூணு கிலோமீட்டர் தாண்டுனாத்தான் நாங்க சுடலாம். உங்க கொல்லை காட்டை ஒட்டிக்கினு கீது."

"அப்ப பன்னிங்களாண்ட சொல்லு, மூணு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் துன்னச் சொல்லி."

வாச்சர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரம் யாருக்கு என்று டெல்லியும் சென்னையும் பேசித் தீர்ப்பதற்குள் எங்கள் அறுவடையைப் பன்றிகளே முடித்துவிடும்.

சாயங்காலம் நைனா மோட்டார் கொட்டகையிலிருந்து கொல்லையைச் சுற்றிக் கம்பி இழுத்தார். கரண்டு வைக்கப் போகிறார். விடியும் முன்னே அந்த வரப்பு வழியாகத்தான் பெண்கள் வேலைக்குப் போவார்கள் என்று சொன்னேன்.

"அதுக்குள்ள ஆஃப் பண்ணிடுவேன்டா. நீ இன்னா எனக்குச் சட்டம் சொல்றியா?"

"சட்டத்தைச் சொல்லல நைனா. அம்மாவும் அந்த வழியாத்தான் போவுது."

அவர் கம்பியை விடவில்லை. அவர் சாப்பிட வந்த நேரம் பார்த்து, நான் போய் ஃபியூஸைப் பிடுங்கி வந்துவிட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

இன்றைக்கும் பன்றி இறங்கினால் மிச்சக் கடலையும் போய்விடும். காலையில் அவர் முகத்தை டெல்லியும் பார்க்காது, சென்னையும் பார்க்காது. நான்தான் பார்க்க வேண்டும்.