உப்பு பார்க்க ஒருத்தி

சாம்பார் கொதிக்கிறது. பெருங்காயம் போட்டதும் உன் கடை வாசனை எழுந்தது. என் கை தானாக மேல் தட்டுக்குப் போய் அந்தச் சின்ன எவர்சில்வர் தூக்கை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் உறைத்தது, உப்பு பார்க்கச் சொல்லி நீட்ட நீ இல்லை. நீ போன பிறகு ஒரு குளிர்காலம் முடிந்து வெயிலும் வந்தாயிற்று. கைக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

காலையிலிருந்து உப்புப் பார்த்துப் பார்த்து நாக்கே மரத்துவிட்டது. சரியாக இருக்கிறது என்று கரண்டியை வைத்தால், அடுத்த நிமிஷம் சந்தேகம் வருகிறது. இது என்னை விட்டுப்போய் நெடுநாள் ஆகியிருந்தது. நேற்று சாயங்காலம் அவர் போன் செய்ததிலிருந்து திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. "நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்மா. உன் ஃபிரெண்டு தவறிட்டாங்கன்னு இப்பதான் கேள்விப்பட்டேன். இனிமே உனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா" என்றார். எவ்வளவு கனிவான குரல் தெரியுமா. வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார். பெஹாலாவில் நான் குடியிருக்கும் இந்த மாடி அறையின் விலாசத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. சும்மா உட்கார முடியவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். விலகிவிட்ட புருஷனை அவர் என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. "கோர்ட்டுல தீத்துட்டு வந்தாச்சு, இன்னும் என்னளா அவரு இவரு" என்பாய். பழக்க தோஷம், போகமாட்டேன் என்கிறது.

லேக் மார்க்கெட் சந்தில் இருக்கும் உன் டிபன் கடைக்கு நான் முதலில் வந்தது இட்லி மாவு வாங்க. அவருக்கு வங்காளத்துக்கு மாற்றலாகி நாங்கள் கரியாஹாட் பக்கம் குடிவந்த புதிது. கரூரை விட்டு அதற்கு முன் நான் எங்கும் இருந்ததில்லை. நீயோ இங்கேயே பிறந்தவள், என் வயதுதான். திருநெல்வேலியை நீ பார்த்தது இரண்டொரு கல்யாணத்துக்கு. ஆனால் வாயைத் திறந்தால் உன் அப்பா அம்மா கொண்டுவந்த தமிழ், நடுநடுவே வங்காளம். மாவைக் கட்டிக்கொண்டே என் ஊர், பேர், பிள்ளை இல்லாத கதை எல்லாவற்றையும் கறந்துவிட்டாய். இவ்வளவு வாயாடியா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

அவர் என்னை அடித்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. அதனால்தான் எனக்கு நடந்துகொண்டிருந்ததற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை. ஒரு வாய் சாப்பிடுவார், தட்டை மெதுவாகத் தள்ளி வைப்பார். "இன்னைக்கும் உப்பு ரெண்டு தடவை போட்டிருக்கே. பரவால்லம்மா. உனக்கு மறதி வந்துடுச்சு. வெளியாளுங்க சொல்லமாட்டாங்க, நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்." நான் எடுத்துச் சுவைத்தால் எனக்குச் சரியாகத்தான் இருக்கும். "அதுதான் பிரச்சினையே, உனக்குத் தெரியலை பாரு" என்பார். அம்மாவிடம் போனில் பேசினால் எனக்குப் படபடப்பு வருகிறது என்றார், நிறுத்தினேன். வங்காளம் எனக்கு ஏறாது என்றார், வெளியில் அவரே பேசினார். கடைசியில் பூட்டிய கதவைக்கூட இழுத்துப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி, திரும்ப ஏறி வந்து இழுத்துப் பார்ப்பேன்.

அப்படித்தான் தூக்கோடு உன் கடைக்கு வர ஆரம்பித்தேன். மாவு வாங்க வருவது சாக்கு. "கொஞ்சம் உப்பு பாரேன்" என்று நீட்டுவேன். நீ உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, "நல்லாருக்குளா" என்பாய். காய்ச்சல்காரியிடம் பேசுகிற குரலில் சொல்வாய். அந்தக் குரலை நான் அப்போது கவனிக்கவில்லை. உன் சுபாவமே இதுதான் என்று நினைத்தேன், உன் சுபாவம் என்னவென்று அப்போது எனக்கு எங்கே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என் சாம்பாரைச் சுவைத்துவிட்டு, இன்னொரு முறை ஊற்றிச் சுவைத்தாய். பிறகு அதை வேறொரு பாத்திரத்தில் கவிழ்த்தாய். கடையின் பெரிய அண்டாவிலிருந்து, காலையிலிருந்து சந்தே வாங்கிச் சாப்பிட்ட சாம்பாரை மொண்டு என் தூக்கை நிரப்பினாய். "இத ஊத்து. நீ வச்சதுன்னு சொல்லு. என்ன சொல்லுதாருன்னு நாளைக்கி வந்து சொல்லு" என்றாய்.

மத்தியானம் ஊற்றினேன். ஒரு வாய் சாப்பிட்டார். தட்டைத் தள்ளினார். "உப்பு ரெண்டு தடவை" என்றார், அதே கனிவோடு.

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும் என்று நீ நினைத்திருப்பாய். வரவில்லை. பயம்தான் வந்தது. என் புத்தி சரியில்லை என்றால் மருந்து மாத்திரை இருக்கிறது. என் புத்தி சரியாக இருந்து, எதிரே உட்கார்ந்திருப்பவர் தெரிந்தே இதைச் செய்கிறார் என்றால் நான் எங்கே போவேன். அதனால் மறுநாள் உன்னிடம் வந்து, "உன் சாம்பார்ல நேத்து நிஜமாவே உப்பு கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு" என்றேன். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நீ கரண்டியைப் போட்டாய். அன்றைக்குத்தான் உன் நிஜக் குரலைக் கேட்டேன்.

"நாக்கு ஒன்னுதுளா. அத அவங்கையில குடுத்துட்டு எங்கிட்ட வந்து கேக்கியே."

அதற்குப் பிறகுதான் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் மீதியைச் சொன்னாய். நான் கடைக்கு வர ஆரம்பித்த முதல் மாதமே அவர் உன்னை வந்து பார்த்திருக்கிறார். மனசு சரியில்லாதவள், இல்லாததை எல்லாம் சொல்வாள், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். "நானும் நம்பிட்டேன்ளா. பாவம், என்ன பொறுமையான மனுசன்னு நெனச்சேன். தெனமும் ஒன் சாம்பாரக் குடிச்சேன் பாரு, அதான் இடிச்சிச்சு. ஒருநாளாவது தப்பணும்லா. ஒருநாளும் தப்பல."

அப்போது எனக்கு எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் நினைவுக்கு வந்தது. எதிர்வீட்டு அம்மாளைப் பார்த்தால் அவர் நின்று வங்காளத்தில் தணிந்த குரலில் ஏதோ சொல்வார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து வருடுவாள். என்னைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். தலையும் ஆட்டியிருக்கிறேன். எத்தனை பேரிடம் அப்படிச் சொன்னாரோ, அத்தனை பேருக்கும் நான் சிரித்து சாட்சி சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் காது மடல் சுடுகிறது.

தெரிந்த உடனே நான் புறப்பட்டுவிடவில்லை. அது உனக்குப் பொறுக்கவில்லை. ஒருமுறை கிளம்பி வந்து, உன் கடை வாசலில் அவர் நின்று அழுததும் திரும்பப் போனேன். நீ என்னோடு பேச்சை விட்டாய். மாவை மட்டும் கட்டி வைப்பாய், முகம் பார்க்கமாட்டாய். அது தப்பு என்று உனக்கும் பின்னால் தெரிந்தது. நான் ஒரேயடியாக வந்த அன்று, நீ ஒன்றும் கேட்காமல் கல்லாவுக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாய். அலிப்பூர் கோர்ட்டில் காத்திருந்த நாட்களில் பொடி தடவிய இட்லியை வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்து, வக்கீலுக்கும் ஊட்டாத குறையாகக் கொடுத்தாய்.

உன் கல்லாவில் உட்கார்ந்துதான் எனக்கு வங்காளம் வந்தது. சட்னி கேட்பவர், பாக்கி சில்லறை கேட்பவர், நீ திட்டுகிற பால்காரர், இவர்கள்தான் வாத்தியார்கள். பிறகு ஒருநாள் பெரிய கரண்டியை என் கையில் கொடுத்து, "நாளையிலேர்ந்து சாம்பார் ஒம்பாடு" என்றாய். உப்பு பார்க்கச் சொல்லித் தூக்கை நீட்டினேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். "நான் பாக்க மாட்டேன். நீ பாத்து எறக்கு." அன்று நான் அண்டாவுக்கு முன்னால் நின்று அழுததும் நீ கண்டுகொள்ளவில்லை. உன் வீட்டுக்காரர் நடத்தும் அந்தக் கடையில் இன்றும் என் சாம்பார்தான்.

கீழே கேட் திறக்கிற சத்தம். வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுப் போகிறேன்.

வந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் இறங்கும்போது அவர் மேலே ஏறி வரவில்லை. கீழ் வீட்டு வாசலில், வீட்டுக்காரம்மா மாசிமாவோடு நின்றிருந்தார். அவர் கொடுத்த சந்தேஷ் இனிப்புப் பெட்டி அவள் கையில் இருந்தது. அவருக்குத் தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது, குரல் அப்படியே. வங்காளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். இவளுக்கு மனநிலை சரியில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டாள், இல்லாததைக் கற்பனை செய்வாள், சினேகிதியும் செத்துப்போனாள், கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன், நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறி, "வாம்மா, உன்னைப் பத்தித்தான் நல்லபடியா சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

மாசிமா என் முகத்தைப் பார்த்தாள். என் வாய் பழைய வழக்கப்படி சிரிக்கக் கோணுவதை நான் உணர்ந்தேன். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

மாடிப்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மாசிமா, உனி மித்தே கொதா போல்ச்சேன்" என்றேன். இவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக வங்காளத்தில் சொன்னேன். மாத்திரை எதுவும் நான் சாப்பிட்டதில்லை, கோர்ட்டில் விலகியாயிற்று, இவரோடு போகப்போவதில்லை. இலக்கணம் கடைசிவரை கடை வங்காளம்தான். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கோபம்கூட இல்லை, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாத முகம். "பாருங்க, எவ்வளவு படபடப்பு" என்று மாசிமாவிடம் ஆரம்பித்தார்.

கடை சாத்துகிற நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பவர்களிடம், துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே நீ மரியாதையாக ஒன்று சொல்வாயே, அதைச் சொன்னேன். "எபார் ஆஷுன்." கிளம்புங்கள்.

மாசிமாவுக்கு என்ன புரிந்தது, யாரை நம்பினாள், தெரியவில்லை. சந்தேஷ் பெட்டியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவர் வெளியே போனதும் கிரில் கேட்டைச் சாத்திப் பூட்டினாள். சாவி திரும்புகிற சத்தத்தை மட்டும் கவனமாகக் கேட்டேன்.

அவர் மறுபடி வரலாம். தெருமுனையில் நிற்கலாம், கடைக்கும் வரலாம். அந்தப் பயம் இந்த நிமிஷமும் நெஞ்சில் இருக்கிறது, இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நீ இருந்தால் ஓடிவந்திருப்பேன். கேட்டை நானே இழுத்துப் பார்க்கவேண்டும் போலக் கால் துறுதுறுக்கிறது. இறங்கவில்லை, உட்கார்ந்திருக்கிறேன்.

சற்று முன் மாசிமா மேலே வந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதுபோலக் கையில் கிண்ணத்தோடு. கிண்ணத்தை நீட்டினாள். அந்தத் தூக்கில் மொண்டு, கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே ஒரு மடக்குக் குடித்தாள்.

உப்பு சரியா என்று நான் கேட்கவில்லை.