படித்துக் காட்டாத தாள்

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, அக்கா. அவள் வேலை பார்க்கும் கடையில் ஏதோ திருட்டாம். காலையில் வரச் சொன்னார்கள். அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

"பொம்பளைங்கள ஊட்டுல வெச்சுத்தானுங்க விசாரிக்கோணும். நோட்டீஸ் குடுத்துப்போட்டு வாங்க" என்றேன்.

"சரிங்க, நாங்களே வாரோம்" என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

பீளமேட்டில் நீங்கள் சமையல் செய்த வீட்டில் சங்கிலி காணாமல் போனபோது, இந்த ஒரு வார்த்தை நம் இருவருக்கும் தெரியாது. கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்று நினைத்தோம். துணைக்கு நானும் லீவு போட்டு வந்தேன். மூன்று நாள், காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதே பெஞ்சு. யாரும் அடிக்கவில்லை. ஆள் மாற்றி ஆள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "நான் எடுக்கலீங்க" என்று நீங்களும் அலுக்காமல் சொன்னீர்கள். கழிப்பறைக்குப் போகக்கூட அனுமதி கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

மூன்றாம் நாள் மதியம் ஏட்டு ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார். உங்களிடம் கண்ணாடி இல்லை. "படிச்சுக் காட்டுங்க, அப்பறம் போடறேன்" என்றீர்கள். அவர் படிக்கவில்லை, என்னிடமும் தரவில்லை.

உங்கள் காதருகே குனிந்து நான்தான் சொன்னேன். "போட்டுருங்கக்கா. ஊட்டுக்குப் போலாம்."

நீங்கள் கோபப்படவில்லை. "உனக்கு அலுப்பா இருந்தா நீ போ கண்ணு. நான் போட மாட்டேன்."

நான் போய்விட்டேன்.

மறுநாள் அந்த வீட்டு பீரோவிலேயே சங்கிலி கிடைத்தது. இனி வர வேண்டாம் என்று போனில் சொன்னார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசைக்கு நான் வந்தபோது, வழக்கம்போல் உங்கள் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தீர்கள். அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. இரண்டு வருடத்தில் சிறுநீரகம் கெட்டு நீங்களும் போய்விட்டீர்கள்.

அதன் பிறகுதான் காரமடையில் நடந்த சட்ட முகாமில் ஒரு பெண் வக்கீல் சொன்னார்: போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்தே போட வேண்டியதில்லையாம். சட்டம் தெரியாமலே நீங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

இப்போது யாராவது கேட்டால் சொல்லித் தருகிறேன். தைரியசாலி என்கிறார்கள். அன்றைக்கு உங்களை அங்கே விட்டுவிட்டு பஸ் ஏறியபோது, ஜன்னலோரம் இடம் கிடைத்ததே, அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை அவர்களிடம் சொன்னதில்லை. உங்களிடமும் சொன்னதில்லை.