நுரைத்த கல்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். அண்ணிக்கு ஏழாம் மாதம். கால் வீக்கம் இன்னும் குறையவில்லை. "உங்கண்ணன் வரட்டும், ராத்திரி முழிக்கிறது அவர் பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டே குட்டிச் சட்டைகள் தைக்கிறார். போனில் பேசினால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். எனக்கும் வாய் வராது. அதனால் கல் பெட்டி கொண்டுவரும் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ வேலை செய்யும் சுரங்கப்பாதையில் துளைபோட்டு எடுத்த கற்கள் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வருகின்றன. "கல்லுக்குமா குலம் கோத்திரம் பாக்குறீங்க?" என்று கிண்டல் செய்வாயே, படிவுப் பாறைக்கு அது உண்டு. தண்ணீர் அடித்துவந்து சேர்த்த மணலை ஏதோ ஒரு பசை இறுக்கினால் மணற்பாறை. மாவு போன்ற சேறு அழுந்தினால் களிப்பாறை. கடல் வற்றி மிஞ்சியது உப்புப் பாறை. சிப்பியும் கிளிஞ்சலும் செத்துக் குவிந்து இறுகியது சுண்ணாம்புப் பாறை.

எங்கள் மேலாளர் உங்கள் கல்லின்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். நுரைத்தது. கெட்டியான சுண்ணாம்புப் பாறை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு துண்டைக் கிண்ணத்தில் அமிலம் ஊற்றி ஊறவைத்தேன். சுண்ணாம்புப் பாறை என்றால் கரைந்து, அடியில் கொஞ்சம் கசடுதான் தங்கும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கல்லைக் காணோம், அவ்வளவும் மணல். நுரைத்தது மணலை ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பசை மட்டும்தான் அண்ணா. அது மணற்பாறை. தண்ணீர் கசியும் இடத்தில் அந்தப் பசை கரைந்துகொண்டே இருக்கும்.

கிண்ணத்தோடு போய்க் காட்டினேன். "நுரைச்சுதா இல்லையாம்மா? அப்புறம் என்ன?" என்றார். மறுபடி சொன்னதற்கு, "காலேஜ் வாசல்லருந்து நேரா இங்கதான வந்த?" என்றார். பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். தலைமை அலுவலகத்துக்கும் எழுதினேன். பதில் இல்லை.

போன வாரம் நீ, "சுரங்கத்துக் கூரை ஒழுகுது, சோத்துல கூட மணலு" என்று வேடிக்கையாகச் சொன்னபோது அண்ணி சிரித்தார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் உள்ளே இறங்காதே. கூட இருப்பவர்களிடமும் சொல். பயந்து ஓடிவந்தவன் என்று பேசுபவர்கள் பேசட்டும். வேலை போனால் போகட்டும். என் சம்பளத்தில் நாம் எல்லோரும் சாப்பிடலாம், பிறக்கப்போவதையும் சேர்த்து. நீ நடந்து வந்து கதவைத் தட்டினால் போதும்.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த ஊமைக்கோட்டான்