சாக்கில் திரும்பி வந்த நோட்டீஸ்

செப்டம்பர் 8, திங்கள்

என் மிக்ஸி, கிரைண்டர் கடைக்காக நான் அடித்த பண்டிகை நோட்டீஸ் இன்று ஒரு சாக்கு நிறையக் கடைக்கே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் ஊரப்பாக்கம் அபார்ட்மென்ட் செக்ரட்டரி ஹில்டா மேடம். கடை நிறைய ஆள் இருக்கும்போதே கல்லாப் பக்கத்தில் இறக்கினார்.

"நேத்து மழையில பார்க்கிங் பூரா தண்ணி சார். வடிகால் மூடியைத் தூக்கிப் பார்த்தா அடைச்சிருந்தது உங்க கிரைண்டர் ஆஃபர்தான். வழவழ பேப்பர், மக்கவும் மாட்டேங்குது. இனிமே எங்க லெட்டர்பாக்ஸ்ல ஒண்ணு விழுந்தாலும் உங்க கடையில வாங்காதீங்கன்னு குரூப்ல போட்டுடுவேன்."

என் தீபாவளி வியாபாரத்தில் பாதி அந்த அபார்ட்மென்ட்தான். சிரித்து அனுப்பிவைத்தேன். உள்ளே எரிந்தது.

செப்டம்பர் 9

பேப்பரோடு என் நோட்டீஸையும் வீடு வீடாகப் போடும் பேப்பர் ஏஜென்ட் சிட்டிபாபுவிடம் சொல்லிவிட்டேன், அங்கே பெட்டியில் போடாதே என்று. முடிந்தது.

செப்டம்பர் 11

எங்கே முடிந்தது? ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் நோட்டீஸை ரப்பர் பேண்ட் போட்டு மாட்டியிருக்கிறான் சிட்டிபாபு!

"நீதான்ணா பொட்டில போடாதன்ன? அதான் கதவுல மாட்டிகினு வந்தேன். இன்னா தப்பு?"

யோசித்தால் தப்பு அவனுடையதா? வேண்டாம் என்றவர்கள் தலையில் எப்படியாவது கட்டுவது — இத்தனை நாள் என்னிடம் அவன் பார்த்த தொழில் அதுதானே.

குரூப்பில் போட வேண்டாம் என்று ஹில்டா மேடத்திடம் ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மென்ட் மீட்டிங் வரை கெஞ்சி டைம் வாங்கினேன்.

செப்டம்பர் 12

கடைக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டேன், எங்க கடை எப்படித் தெரியும் என்று. "பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க." "போன தடவை ஜார் சரி பண்ணிக் குடுத்தீங்களே." நோட்டீஸ் என்று ஒரு வாயிலும் வரவில்லை. ஒரு அம்மா மட்டும், "உங்க நோட்டீஸ் நல்ல கெட்டிங்க, ஷெல்ஃபுல விரிச்சிருக்கேன்" என்றார். என்ன ஆஃபர் என்று படிக்கவே இல்லையாம்.

அப்புறம் ஏன் அடிக்கிறேன்? எதிர்க்கடைக்காரன் அடிக்கிறான், அதனால். நிறுத்தினா தீபாவளி படுத்துடுமோ? அந்தப் பயம் இன்னும் போகல.

செப்டம்பர் 13

"நோட்டீஸ் இல்லேன்னா என் வருமானம் இன்னாண்ணா ஆவறது?" — நிறுத்திடலாமா என்று கேட்டதற்கு சிட்டிபாபு. நியாயம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மீட்டிங்கில் நானே போய் நின்றேன். நோட்டீஸுக்குப் பதிலாக இங்கேயே வந்து மிக்ஸி ரிப்பேர் பண்ணித் தருகிறேன், கூலி வேண்டாம் என்றதும் பின்னாலிருந்து ஒருவர், "அப்ப பார்ட்ஸ் விலையில கறந்துடுவீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பேசி முடித்தது: பெட்டியில், கதவில், பேப்பருக்குள் ஒரு நோட்டீஸும் கிடையாது. லிஃப்ட் பக்கத்து போர்டில் பிளாக்குக்கு ஒன்று மட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பார்க்கிங்கில் என் மேஜை. மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேருக்குக் கூலி இல்லை, பார்ட்ஸ் அடக்க விலைக்கு. வீடு வீடாக ஜார் வாங்கி வந்து திருப்பிக் கொடுப்பது சிட்டிபாபு — ஜாருக்குப் பத்து ரூபாய், என் பாக்கெட்டிலிருந்து.