பாறைமேல் உன் முறை

என் மாதம்மா அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இந்த வருஷம் புளி நல்ல விளைச்சல், கொட்டகையில் தட்டித் தீரவில்லை. கரண்டு கம்பம் நம் மலைக் கூட்டுறவுச் சங்கத்து வாசல்வரை வந்துவிட்டது. விளக்குதான் இன்னும் எரியவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

போன வாரம் வேலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். "ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாக் கூப்ட்டுப் பேசணும்னு உத்தரவும்மா. இங்க எங்க வெச்சிப் பேசுறீங்க?" என்றார். கொட்டகைக்கு எதிரே இருக்கும் பாறையைக் காட்டினேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இன்றைக்கு உன்னிடமே சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

கலசப்பாக்கத்திலிருந்து நான் மேனேஜராக மலையேறிய புதிது. சங்கத் தலைவர் முதல் வாரமே ஆரம்பித்துவிட்டார். "மாதம்மான்னு ஒருத்தி. கூப்ட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல, அவ்ளோ திமிரு. நிறுத்திடுங்க." ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி நிறுத்துவது? உன்னை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டேன். அடுத்தவர் காதில் விழக் கூடாதே என்று கதவைச் சாத்தினேன். உனக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாக நினைப்பு! நீயோ கேட்டதற்கெல்லாம் "சரிங்கம்மா" என்றாய்.

மறுநாள் காலையில் உன் அண்ணன் தம்பிகளும் ஊருக்குத் தலைவரான ஊர்நாட்டாரும் ஒரு பலாப்பழத்தோடு வாசலில் நிற்கிறார்கள்.

"எங்க பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சிங்க? கதவ சாத்தி விசாரிச்சீங்களாமே. மன்னிச்சி வேலையில வெச்சிக்கோங்க."

தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால் அது விசாரணை. விசாரணை என்றால் சொந்தபந்தம் கூட வந்து பேசுவதுதான் உங்கள் வழக்கம். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லக் கூடாதா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பழம் மட்டும் அருமையாக இருந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

அவர்கள் போனதும் நீதான் வழி சொன்னாய். "அந்தப் பாறையில குந்திப் பேசலாங்க. எல்லாரும் நம்மளப் பாக்கட்டும். பேசுறது யாருக்கும் கேக்க வேணாம்."

போய் உன் இடப்பக்கம் உட்கார்ந்தேன். நீ எழுந்து சுற்றிவந்து எனக்கு மறுபக்கம் உட்கார்ந்தாய்.

"அந்தப் பக்கம் காது கேக்காதுங்க. சின்னதுலயே சீழ் புடிச்சிப் போச்சி. சொன்னா வேலைய வுட்டு நிறுத்திடுவீங்கன்னு வாயத் தொறக்கல."

தலைவரிடம் சொல்லலாமா என்று கேட்டேன், யோசித்துத் தலையாட்டினாய். அன்றே போய், "திமிரெல்லாம் இல்லைங்க. வலப்பக்கமா நின்னு கூப்டுங்க, வருவா" என்றேன். அதன்பிறகு உன்னை நிறுத்தும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் கொட்டகையில் எல்லோருமே பாறைக்கு முறை கேட்டார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை சங்கத்து வேலையைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. சிலர் மாட்டைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து போவார்கள். போகட்டுமே, அடுத்த முறை வராமலா போய்விடுவார்கள்?

நேற்று உன் முறை, அக்கா. வேறு யாரையும் கூப்பிட மனம் வரவில்லை. சும்மா போய் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். அப்போது உன் மருமகள் ரோஜா கொட்டகையிலிருந்து இறங்கி வந்தாள்.

"அத்த முறை சும்மா போவக் கூடாதுங்க. நான் பேசட்டுமா?"

"குந்தும்மா."

கொஞ்ச நேரம் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "புளித் தூசியில மூச்சு வாங்குதுங்க. தராசு வேலை கொடுத்தா செய்வேன்." பிறகு மெதுவாக, "இதச் சொன்னதுக்கு நிறுத்திட மாட்டீங்களே?" என்றாள்.

இத்தனை வருஷம் கழித்தும் அதே பயம். ஆனால் பார், நீ கதவுக்குப் பின்னால் விழுங்கிய வார்த்தையை உன் மருமகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து தராசு அவள் பொறுப்பு.

அதிகாரி பேசுவதற்கென்றே ஓர் அறை கட்டித் தருகிறாராம். கட்டட்டும், கடுக்காய் மூட்டை அடுக்க இடமாச்சு. நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை, பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்காமல் ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
ஸ்டெல்லா