மணிலாவிலிருந்து ஒரு கையெழுத்து

திருச்செங்கோடு
4-3-1946

அன்புள்ள ஞானம்,

நான் கிறிஸ்தவ வேதத்தில் சேரப்போகிறேன், அதற்காகத்தான் கான்வென்ட் சிநேகிதியிடம் ஸ்பானிஷ் கற்கிறேன் என்று இங்கே பேசுகிறார்கள். இரண்டும் பொய். நான் கேட்டது ஒரே ஒரு சொல். நீ அதை நான் அனுப்பிய ஆள் ராசப்பனிடம் வாய்மொழியாகச் சொல்லியனுப்பினாய். அவன் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து சொன்னான்: "விதவைன்னு அர்த்தமாமுங்க."

அர்த்தம் மட்டும் போதாது. மணிலாவுக்கு வேலைக்குப் போன என் மகன் தண்டாயுதபாணி அங்கே நடந்த சண்டையில் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. கல்யாணம் ஆகாமலே போய்விட்டான் என்றுதான் அழுதேன். போன மாதம் அங்கிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். யாரோ எழுதிக்கொடுத்த இங்கிலீஷ். அவனுடைய துணிமணிகளை என்ன செய்யட்டும் என்று கேட்கிறாள், அவ்வளவுதான். கீழே கையெழுத்து மட்டும் அவளுடையது: ரொசாரியோ வியூதா தே தண்டாயுதபாணி.

என் கொழுந்தன் மருதாசலம், என் மகனுக்கு மனைவி கிடையாது என்று ஒரு காகிதம் எழுதி எடுத்துக்கொண்டு தினமும் வருகிறான். நிலம் அவன் பிள்ளைகளுக்குப் போக வேண்டுமாம். "ஏனுங்க நங்கையா, எவளோ ஒருத்தி பேரைப் போட்டுக்கிட்டா நம்மூட்டு மருமவளாயிருவாளா?" என்கிறான்.

கல்யாணம் ஆகாதவள் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ள முடியுமா? எழுது.

கமலவேணி

சேலம்
9-3-1946

பிரியமுள்ள கமலவேணி,

உன் கோபம் உறைக்கு மேலேயே சுட்டது. பள்ளியிலும் நீ டீச்சரையே திருத்தியவள்தானே.

பம்பாயில் ஸ்பெயின் சிஸ்டர்களோடு இருந்தபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஸ்பெயின்காரர்களிலும், அவர்கள் ஆண்ட மணிலாவிலும் கணவனை இழந்தவள் தன் பெயருக்கும் அவன் பெயருக்கும் நடுவே வியூதா தே, அதாவது இன்னாரின் விதவை, என்று எழுதுவாள். வாசல் பலகையிலும் போடுவாள், பத்திரிகையிலும் போடுவாள். அது மரியாதைக்குரிய சொல். பெரும்பாலும் முறையாக மணந்தவர்களே அப்படி எழுதுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிஸ்டர் ஞானம்மாள்

திருச்செங்கோடு
13-3-1946

ஞானம்,

"பெரும்பாலும்" என்றால் என்ன? நான் கேட்டது ஆம் அல்லது இல்லை. நீ நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாய். மருதாசலம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டான். "உங்க சிநேகிதியே உறுதியாச் சொல்லலீங்களே" என்று சிரிக்கிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. வாசல் பலகையில் போடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். இங்கே என் கணவர் போன பிறகு பங்காளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒருத்தி அதைத் தன் கையால், வெட்கப்படாமல் எழுதுவாளா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீ சரியாகத்தான் சொல்கிறாயா?

கமலவேணி

சேலம்
18-3-1946

பிரியமுள்ள கமலவேணி,

சரியாகத்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு சொல் கல்யாணத்துக்குச் சாட்சி சொல்லாது. பொய்யாக எழுதுகிறவளின் கையை யாரும் பிடிக்க முடியாது. அவளை மருமகள் என்று ஏற்பதா வேண்டாமா என்பதை அந்தச் சொல்லே முடிவு செய்துவிட வேண்டும் என்று பார்க்கிறாய். அதை முடிவு செய்வது உன் வேலை. அவளுக்கு நீ இதுவரை ஒரு வரியாவது பதில் எழுதினாயா?

ஞானம்மாள்

திருச்செங்கோடு
22-3-1946

ஞானம்,

எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். இன்னும் தீரவில்லை.

இன்று காலை மருதாசலம் பேனாவோடு வந்தான். கையெழுத்துப் போட முடியாது என்றேன்.

"அந்த ஒரு வார்த்தைக்காவுங்களா நங்கையா?"

"வார்த்தைக்காக இல்லை. அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவள் கிடையாது என்று நான் எழுத மாட்டேன்."

"பொறவு நெலம்?"

"நிலம் எங்கேயும் ஓடிவிடாது. நீ போய் வா."

காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டான்.

அவளுக்கு இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே, எப்போது கல்யாணம் நடந்தது என்று கேட்டிருக்கிறேன். அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. துணிகளை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றும், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாள் என்றும் எழுதியிருக்கிறேன்.

உறையின்மேல் அவள் எழுதியபடியே அவள் பெயரை எழுதப்போகிறேன். அடுத்தவர்கள் எழுதும்போதும் வியூதா அதே இடத்தில்தான் வருமா, முன்னால் மரியாதைக்கு வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா? முழுப் பெயரையும் ஸ்பானிஷ் முறைப்படி தெளிவாக எழுதி அனுப்பு. யாரிடமும் சொல்லியனுப்பாதே. பதிலைக் கடிதமாகவே எழுது.

கமலவேணி