மன்னிக்க வேண்டியவள்

செப்டம்பர் 4, திங்கள்

பேரன் செய்து கொடுத்த பல்செட் இன்றுதான் ஒழுங்காக உட்கார்ந்தது. பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் லேபில் அவனுக்கு வேலை. அடுத்த மாதம் அவனுக்கு நிக்காஹ். பெண் மருந்துக்கடையில் இருக்கிறாள், நான் பார்த்துப் பிடித்த பெண். இந்தக் குடும்பத்தில் நான் பேசி முடித்த எந்தச் சம்பந்தமும் சோடை போனதில்லை.

"உன் கல்யாண விருந்துல இந்தக் கிழவி எலும்பைக் கடிச்சுக் காட்டுறா பாரு" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 6, புதன்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேரன் வாயைத் திறந்தான். "வாப்பா, இந்தக் கல்யாணம் வேணாம். எந்தப் பொண்ணோடயும் என்னால வாழ முடியாது. வயசு வந்ததுலேருந்தே என் மனசு ஆம்பளைங்க பக்கம்தான் போகுது." என் மகன் எழுந்து ஓர் அறை விட்டான். மீசை முளைத்த பிள்ளையை! மருமகள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதாம்.

எனக்கும் முதலில் அவன் மேல்தான் கோபம். ஏண்டா, பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு வாயில பூட்டா போட்டிருந்துச்சு?

ஆணும் ஆணும் சேர்வது பாவம் என்றுதான் எனக்கு ஓதிக் கொடுத்தார்கள். அதை மாற்றிச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த அறைச் சத்தம் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 7, வியாழன்

மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். குடும்பத்துப் பெரியவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் பிள்ளை அழுது தௌபா, பாவமன்னிப்பு, கேட்க வேண்டுமாம். அப்புறம் குறித்த தேதியில் நிக்காஹ். "ஒரு குழந்தை பொறந்துட்டா எல்லாம் சரியாயிடும் உம்மா. வெளிய யாருக்கும் தெரியாது."

தெரியாதாம்! மருமகளின் அண்ணன் வாயில் எந்தச் செய்தி ஒரு பகல் தங்கியிருக்கிறது? மன்னிக்கிறவன் ஒருத்தன். வேடிக்கை பார்க்க இத்தனை பேரா? அல்லாஹ் மூடி வைத்ததை இவன் ஏன் பந்தல் போட்டுத் திறந்து காட்டணும்?

அப்புறம் அந்தப் பெண். கல்யாணம் என்ன வைத்தியமா, இவன் மகனுக்கு முழுங்கக் கொடுக்க அவள் என்ன மாத்திரையா?

செப்டம்பர் 8, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். நல்ல மனிதர். மகன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஆளைக் கூட்டாதீங்க. தௌபாவுக்கு சாட்சி வேணாம்" என்றார். என் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த மூச்சில், "நிக்காஹ் நடக்கட்டும், பொறுப்பு வந்தா மனசு திரும்பும்" என்றார். குளிர்ந்ததெல்லாம் கொதித்துவிட்டது.

"ஹஜ்ரத், நீங்க பள்ளிவாசல் பயான்ல சொன்னதைத்தான் கேக்குறேன். அல்லாஹ்வுக்குச் செஞ்ச குத்தத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனுஷருக்குச் செஞ்ச குத்தத்தை?"

"அந்த மனுஷர்தான் மன்னிக்கணும்மா."

"அப்ப அந்தப் பொண்ணை ஏமாத்தினா அவகிட்டதான் மன்னிப்புக்கு நிக்கணும். அதுக்கு ஏமாத்தாமலே இருக்கலாம்ல?"

மகன் "உம்மா!" என்று கத்தினான். ஹஜ்ரத் கையைக் காட்டி அவனை அடக்கினார். "நான் சொன்னது தப்புதான். ஆனா பையன் பேரு கெடாம இதை எப்படி நிறுத்துவீங்க?" என்று கேட்டார்.



செப்டம்பர் 9, சனி

பேரன் என் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தான். "வாப்பும்மா, என்னை அல்லாஹ் மன்னிப்பானா?"

"நீ என்ன செஞ்சேன்னு நான் கேக்க மாட்டேன். அது உனக்கும் அவனுக்கும்."

"ஒண்ணுமே செய்யல வாப்பும்மா. மனசுல இருக்கு. அவ்வளவுதான்."

மனசில் இருப்பதை, செய்யாத வரைக்கும், பாவமாக எழுதுவதில்லை. சின்னப் பிள்ளையில் ஓதியது இது. அல்லாஹ்வே எழுதாததுக்கு இவன் வாப்பா எதுக்குடா கை நீட்டினான்?

நாளைக்கே செய்துவிட்டால் என்ன சொல்வேன்? தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் இந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

செப்டம்பர் 11, திங்கள்

போய்ச் சொல்லிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பெண்ணின் தாய் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை.

"இந்தச் சம்பந்தம் வேணாம்மா. நான்தான் நிறுத்துறேன்."

"எம்பொண்ணுகிட்ட என்ன குறை கண்டீங்க மாமி?"

"அவகிட்ட ஒரு குறையும் இல்ல."

"பின்ன?"

"எனக்குப் பிடிக்கல."

அவள் முகம் போன போக்கு! "பெரிய இடம் வந்திருக்கும். எம்பொண்ணு என்ன, தொட்டுப் பாத்துட்டு வச்சிட்டுப் போற துணியா? எழுந்திரிங்க மாமி." எழுந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் நடுக்கூடத்து நாற்காலி எனக்குத்தான். என்னை எழுந்திரு என்று சொன்ன முதல் வீடு இதுதான்.

செப்டம்பர் 13, புதன்

"ஆசை பிடிச்ச கிழவி" என்கிறார்களாம். மருமகள் வந்து சொன்னாள். சொல்லட்டும். — இல்லை, சுடுகிறது.

செப்டம்பர் 22, வெள்ளி

மகன் இன்று வெடித்துவிட்டான். "உங்களால என் மானம் போச்சு!"

"போனது என் மானம்டா. உன் புள்ள மானத்தை எடுத்துப் பத்திரமா வச்சிருக்கேன், எண்ணிப் பாத்துக்க."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான். நிறுத்தட்டும். நான் பெற்ற வாய்தானே.

அக்டோபர் 5, வியாழன்

அந்தப் பெண்ணுக்கு ஏதோ நோய், அதனால்தான் நின்றது என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறதாம். பாவி நாக்குகள்! அவளை ஏமாற்றக் கூடாது என்று குதித்த நானே அவள் தலையில் இதைக் கட்டிவிட்டேனே.

மருந்துக்கடைக்குப் போனேன். பிரஷர் மாத்திரைக்கு என்று சீட்டை நீட்டினேன். "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

கத்தரியால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே, "எதுக்குன்னு சொல்லுங்க, மன்னிக்கிறேன்" என்றாள்.

நான் எதைச் சொல்வேன்?

"அப்ப முடியாது. காலைல சாப்பிட்டதும் ஒண்ணு."

சரியாகத்தான் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்தால் மாத்திரையும் கொடுத்திருக்க மாட்டேன்.

நவம்பர் 6, திங்கள்

இன்று கடையில் கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணே தாழ்வாரத்துக்கு இறங்கி வந்தாள்.

"உங்க பேரன் வந்திருந்தாங்க. சொன்னாங்க."

ஒரு வார்த்தை கேட்காமல் போயிருக்கிறானே பாவிப் பயல்!

"பயப்படாதீங்க. எங்கம்மாகிட்டகூட சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கணும். என் வாழ்க்கையைக் காப்பாத்தணும்னு நீங்க, அவங்க வாப்பா, ஹஜ்ரத் எல்லாரும் உக்காந்து பேசியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு ஆளு வந்து பேசினீங்களா? நான் என்ன ஊர் முழுக்கத் தண்டோரா போடுறவளா?"

எனக்கு எவ்வளவு கோபம் வருமோ, அவ்வளவு கோபம் அவளுக்கும். வாய் பேசாமல் நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

"சரி, மன்னிச்சிட்டேன். அவங்களையும்தான்" என்றாள். சொல்லும்போதும் முகத்தில் கடுப்பு இருந்தது. அதனால்தான் நம்பினேன்.

நவம்பர் 24, வெள்ளி

கல்யாணத் தரகர் வந்தார். வேறு ஒரு பெண்ணின் போட்டோ கையில். மகன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். "இப்ப வேணாம் பாய். என் பையன் கேக்கும்போது நானே சொல்லி அனுப்புறேன்."

தரகர் போனபிறகும் கதவைப் பிடித்தபடி நின்றான். பிறகு என் பக்கம் திரும்பாமல், "சாப்பிட்டீங்களா உம்மா?" என்றான்.